கட்டுத்தரை லத்தீன்

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. பேண்ட்டு அழுக்காகுமா? ஆகட்டும். உங்கொப்பன் ஊட்டுல மிஷினு இருக்குது, அது தொவைச்சுக்கும்.

நேத்து நீ சொன்ன சேதிய நெனச்சு நெனச்சு ராத்திரி பூரா சிரிச்சுட்டுப் படுத்திருந்தேன். பாலைக் கறந்துபோட்டு, கை காலைக் கழுவிட்டு, கொள்ளுப்பேரனைத் தூக்கலாம்னு ஆசையா வந்தேன். நீ குறுக்க வந்து நின்ன. "அப்பாரு, கிட்ட வராதீங்க. இன்னிக்குத்தான் கொழந்தைக்கு வேக்சின் போட்டிருக்குது. நீங்க மாட்டைத் தொட்டுட்டு வர்றீங்க"ன்னு சொன்ன. சொன்னயா இல்லியா?

நானும் தள்ளி நின்னேன். உன்ற பொண்டாட்டி ஒரு நீலப் புட்டியக் கொண்டாந்து கைக்கு ரெண்டு சொட்டு ஊத்துச்சு. சாராயக்கடை வாசம். தேச்சுக்கிட்டேன். கை சுத்தமா இருக்கறது நல்லதுதான், அதுல எனக்கு வழக்கு இல்ல.

ஆனா வேக்சின்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? அது ரத்தத்துல போயி என்ன வேலை செய்யுதுன்னு கேக்கல. அதை நீ மணிக்கணக்கா சொல்லுவ. அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?

மாடு.

சிரிக்காத. நாமக்கல்ல மாட்டு டாக்டருக்குப் படிக்கறாளே உன்ற சித்தப்பன் மவ, அவ பொங்கலுக்கு வந்தப்ப புஸ்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு எனக்குப் படிச்சுக் காட்டினா. ரோமாபுரிக்காரன் பேசின லத்தீன்ல பசுவுக்கு 'வக்கா'ன்னு பேராம். பசுவைச் சேந்தது எதுவா இருந்தாலும் 'வக்கினஸ்'. அதுல இருந்து வந்ததுதான் நீ வாய் நெறயச் சொல்றயே, வேக்சின். அப்படின்னா நேத்து நீ என்னைய மறிச்சு என்ன சொல்லியிருக்கற? 'கொழந்தைக்கு மாட்டைப் போட்டிருக்குது, மாட்டைத் தொட்டுட்டு வராதீங்க'ன்னு சொல்லியிருக்கற.

நம்மூருல வக்கான்னா வேற. ராத்திரில ஏரிக்கரைப் பக்கம் 'கொவ்வாக்'குன்னு கத்திட்டுப் போகுமே ஒரு கொக்கு, அதுதான் வக்கா. அவனுக்கு மாடு, நமக்குக் கொக்கு. இன்னிக்கு வெடியால கட்டுத்தரைக்குப் போயி நம்ம செவலையப் பாத்து 'வக்கா, வக்கா'ன்னு கூப்புட்டுப் பாத்தேன். காதைக்கூட ஆட்டல. அதும்பாட்டுக்கு அசை போட்டுட்டு நின்னுச்சு. தவுட்டு வாளியத் தட்டினேன். டக்குனு திரும்பிருச்சு.

சரி, மாட்டோட பேரு ஊசிக்கு எப்படி வந்துச்சு?

இங்கிலாந்துல குளோஸ்டர்சயர்னு ஒரு சீமை. பால், வெண்ணெய், பாலாடைக்கட்டின்னு பொழைக்கற பூமி. அங்க பெர்க்லின்னு ஒரு ஊரு. அந்த ஊரு டாக்டரு எட்வர்டு ஜென்னர். பட்டணத்து டாக்டரு இல்ல கண்ணு, குருதையில ஏறி ஊடு ஊடாப் போறவரு. குயில் குஞ்சு அடுத்த பட்சியோட கூட்டுல பொறந்ததும் கூட இருக்கற முட்டைய முதுகுல ஏத்தி வெளிய தள்ளுதுன்னு வேலி ஓரம் உக்காந்து பாத்து எழுதினவரு. அதுக்குத்தான் லண்டன் ராயல் சொசைட்டியில அவரைச் சேத்துக்கிட்டாங்க. அம்மைக்கு இல்ல, குயிலுக்கு.

அந்தப் பக்கத்துல பால் கறக்கற பொம்பளைக எல்லாருக்கும் ஒரு சேதி தெரியும். மாட்டு மடியில கொப்புளம் வரும். கறக்கறவ கையிலயும் ஒட்டிக்கும். நாலு நாள் காய்ச்சலு, கையில புண்ணு, ஆறிரும். அப்படி வந்தவளுக்குப் பெரியம்மை வராது. இதை ஆரு கண்டுபுடிச்சா? ஆரும் கண்டுபுடிக்கல. கறந்தவளுக்குத் தெரியும்.

1796, மே 14. சாரா நெல்ம்ஸ்னு ஒரு பால்காரப் பொண்ணு. கையில முள்ளு கீறின எடத்துல மாட்டம்மைக் கொப்புளம். மாட்டுப் பேரு பிளாசம். பூன்னு அர்த்தம். நம்ம பூவாத்தாளாட்டம் வெச்சுக்கோ. அந்தக் கொப்புளத்துத் தண்ணிய எடுத்து, தோட்டக்காரன் பையன், எட்டு வயசு ஜேம்ஸ் பிப்ஸ், அவன் கையில ரெண்டு கீறு கீறி வெச்சாரு ஜென்னர். ஜூலை மாசம் அதே பையனுக்கு நெசமான பெரியம்மைச் சீழையே எடுத்துக் குத்திப் பாத்தாரு. ஒண்ணும் ஆகல. இன்னிக்கு ஒருத்தன் அப்படிப் பண்ணினா மொதல்ல போலீசு வரும், அப்பறந்தான் பேப்பர்க்காரன் வருவான். அன்னிக்கு ராயல் சொசைட்டியே அவரு எழுதினதை வேண்டாம்னு திருப்பிப்போட்டுச்சு. குயிலை நம்பினவங்க மாட்டை நம்பல.

அதனால 1798-ல சொந்தக் காசுல அச்சடிச்சாரு. இங்கதான் விசயம் இருக்குது. ஊருல எல்லாரும் சொன்னது 'கௌ பாக்ஸ்', மாட்டம்மை. அப்படியே தலைப்பு வெச்சா ஆரு மதிப்பா? உன்னைய மாதிரி ஆளு புஸ்தகத்தைக் கையில தொடுவானா? 'வேரியோலே வேக்சினே'ன்னு போட்டாரு. கேக்கவே பயமா இருக்குதில்ல? பிரிச்சுப் பாத்தா, வேரியோலான்னா பொட்டுப் பொட்டா வர்றது. வேக்சினேன்னா மாட்டோடது. மாட்டுப் பொட்டு. அவ்வளவுதான். அதுக்குக் கீழயே, சனங்க இதை கௌ பாக்ஸ்னு சொல்றாங்கன்னு ஒரு வரியும் சேத்துக்கிட்டாரு. கெட்டிக்காரர். பட்டணத்தானுக்கு லத்தீன், காட்டுக்காரனுக்குக் காட்டுப் பேச்சு.

பிளாசம் என்னாச்சுன்னு கேக்கலயே? அதோட தோலு லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரி செவுத்துல தொங்குது. ஜென்னருக்குச் செலை, மாட்டுக்கு ஆணி.

அப்பவும் சனங்க ஏத்துக்கிட்டாங்களா? 1802-ல ஜேம்ஸ் கில்ரேன்னு ஒரு கேலிச்சித்திரக்காரன் ஒரு படம் போட்டான். நடுவுல டாக்டரு ஊசி குத்தறாரு. சுத்தியும் குத்திக்கிட்டவங்க. ஒருத்தன் மூக்குல மாடு, ஒருத்தி கையில மாடு, இன்னொருத்தன் வாயில இருந்து மாடு எட்டிப் பாக்குது. லண்டனே சிரிச்சுச்சு. பாதிப் பேரு நம்பியும் போட்டாங்க. நீ சிரிக்கற? கொரோனா ஊசி போட்ட கையில காந்தம் ஒட்டுதுன்னு எனக்குப் போன்ல படம் காட்டினது ஆரு? உன்ற மாமனா? நீதான் கண்ணு. ஸ்பூனை வேற எடுத்து என்ற தோள்ல வெச்சுப் பாத்த. உழுந்துருச்சு. ஸ்பூனு நெளிஞ்சதுக்கு உங்க ஆத்தா உன்னைய வஞ்சா.

ஜென்னர் பெரிய மனுசருதான். ஆனா எனக்குப் புடிச்ச ஆளு வேற. பெஞ்சமின் ஜெஸ்டி. டார்செட் பக்கத்துல எட்மின்ஸ்டர்ங்கற ஊரு. நம்மளாட்டம் பண்ணயக்காரன். ஜென்னருக்கு 22 வருசம் முன்னாடி, 1774-ல, ஊருக்குள்ள பெரியம்மை வந்துருச்சு. ஜெஸ்டிக்குச் சின்ன வயசுலயே மாட்டம்மை வந்து போயிருக்குது. அவரு ஊட்டுல பால் கறந்த ரெண்டு பொண்ணுக, மாட்டம்மை வந்தவங்க, பெரியம்மைக்காரங்க பக்கத்துலயே இருந்து பண்டுவம் பாத்தும் ஒண்ணும் ஆகல. பாத்தாரு மனுசன். பொண்டாட்டியவும் ரெண்டு பசங்களையும் கூட்டிக்கிட்டுப் பக்கத்து ஊருக்காரன் மாட்டுக்கிட்ட நடந்தாரு. அந்த மாட்டு மடியில கொப்புளம் இருந்துச்சு. சட்டைப்பையில என்ன கொண்டுபோனாரு தெரியுமா? காலுறை பின்னற ஊசி. அதுல தொட்டு மூணு பேரு கையிலயும் கீறிட்டாரு.

லேப் இல்ல. வெள்ளைக் கோட்டு இல்ல. ஒரு எழுத்து லத்தீன் இல்ல.

பசங்களுக்கு லேசாத்தான் வந்துச்சு. பொண்டாட்டிக்குக் கை வீங்கி, காய்ச்சலு ஏறி, ஒரு வழியாப் பொழைச்சா. ஊரு சும்மா இருக்குமா? சந்தைக்குப் போனா கல்லைத் தூக்கி எறிஞ்சாங்க, காறித் துப்பாத கொறையா வஞ்சாங்க. மனுச ரத்தத்துல மாட்டைக் கலந்துபோட்டான் பாவின்னு பேச்சு. அந்தப் பொம்பளை புருசன் போனதுக்கு அப்பறமும் இருந்து 1824-ல தான் செத்தா.

1805-ல ஜெஸ்டிய லண்டனுக்குக் கூப்புட்டு மரியாதை பண்ணினாங்க. பொறப்படறப்போ ஊட்டுல இருக்கறவங்க, நல்ல துணியா உடுத்திட்டுப் போங்கன்னு கெஞ்சியிருக்கறாங்க. ஊருல உடுத்தறதை விட லண்டன்ல எதுக்கு நல்லா உடுத்தோணும்னு கேட்டாராம் மனுசன். அட, இந்தக் கேள்விக்கு இன்னிவரைக்கும் ஆராச்சும் பதில் சொல்லியிருக்கறாங்களா? படம் எழுதறதுக்கு உக்கார வெச்சா ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கறாரு. படம் எழுதறவரு சம்சாரம் பியானோ வாசிச்சு உக்கார வெச்சுச்சாம், கறவைக்கு நிக்காத மாட்டுக்குத் தீனி காட்டற மாதிரி. லண்டன்ல ஒரே ஒரு சவுகரியம் இருக்குது, ஊருல வாரத்துக்கு ஒருக்காச் செரைக்கறதை அங்க தெனமும் செரைச்சு உடறாங்கன்னு திரும்பி வந்து சொன்னாராம்.

கையில என்ன குடுத்தாங்க? தங்கப் புடி போட்ட கீறற கத்தி ரெண்டு. 15 கினி பணம். ஜென்னருக்குப் பார்லிமென்ட்டுல 1802-ல 10,000 பவுண்டு, 1807-ல இன்னும் 20,000. நான் பொறாமையில சொல்லல. ஜென்னர் எழுதினாரு, ஊர் ஊராக் கடுதாசி போட்டாரு, தோட்டத்துல ஒரு குடிசை கட்டி ஏழைபாழைக்குச் சும்மாவே குத்தி உட்டாரு. ஜெஸ்டி அப்படி எதையும் அச்சடிக்கல. இருந்தாலும் பின்னற ஊசிக்கும் லத்தீனுக்கும் வெலை வித்தியாசத்தைப் பாத்துக்கோ.

இதுக்கு நடுவுல 1800-ல பிளைமவுத்து டாக்டரு ரிச்சர்டு டன்னிங், இந்த மாட்டுப் பேருல இருந்து 'வேக்சினேஷன்'னு ஒரு வார்த்தையத் தட்டி நிமுத்தினாரு. 1881-ல பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர், ஜென்னருக்கு மரியாதையா எல்லா நோயோட ஊசிக்கும் இதே பேரு இருக்கட்டும்னுட்டாரு. அவரு ஊசி போட்டது கோழிக் காலராவுக்கும் ஆட்டு அடைப்பானுக்கும். கோழிக்கும் மாட்டுப் பேரு, ஆட்டுக்கும் மாட்டுப் பேரு. உன்ற பையனுக்குப் போட்ட சொட்டு மருந்துல மாடு எங்கிருக்குது? பேரு மட்டும் மாடு.

இன்னொரு கூத்தையும் கேளு. அமெரிக்காவுல 1902-ல செஞ்ச அம்மை மருந்து ஒரு புட்டி பத்திரமாக் கெடந்துச்சாம். 2017-ல அதைப் பிரிச்சு ஆராஞ்சு பாத்திருக்கறாங்க. உள்ள இருந்த கிருமி மாட்டம்மைய விடக் குருதை அம்மைக்குத்தான் நெம்ப நெருக்கமா இருந்துச்சாம். ஜென்னரே இது குருதைக் கால்ல இருந்து மாட்டுக்கு வந்திருக்கும்னு எழுதி வெச்சிருக்கறாரு. பேரு வாங்கினது மாடு, வேலை பாத்தது குருதை. நம்ம ஊரு பஞ்சாயத்து மாதிரியே இருக்குதில்ல?

ஜென்னருக்கு முந்தி பெரியம்மைச் சீழையே லேசாக் குத்தி உடற பழக்கம் இருந்துச்சு. அதுக்குப் பேரு இனாகுலேஷன். அதுவும் லத்தீன்தான். அதுவும் காட்டுல களவாண்டதுதான். 'ஆகுலஸ்'னா கண்ணு. ரோமாபுரிக் குடியானவன் ஒரு மரத்துத் துளிரை இன்னொரு மரத்துல ஒட்டுக் கட்டறதுக்கு வெச்சிருந்த வார்த்தை அது. துளிரு மொளைக்கற எடம் அவனுக்குக் கண்ணு. நம்ம கரும்புக் கரணை வாங்கறப்போ என்ன பாக்கறோம்? எத்தனை பரு இருக்குதுன்னு. அவன் கண்ணுன்னான், நாம பருன்னோம். பருன்னா மூஞ்சியில வர்றதும் பருதான். உன்ற பொண்டாட்டி 900 ரூவாய்க்குக் களிம்பு வாங்கிப் பூசுதே, அது. அம்மையும் பருவாத்தான் வருது. அப்பப் பாரு, அவன் பத்து வருசம் லத்தீன் படிச்சுச் சேத்த ரெண்டையும் நாம ஒரே வார்த்தையில முடிச்சுப்போட்டோம். நான் உன்னையக் கண்ணுன்னு கூப்புடறது வேற. அதுல மொளைக்கும்னு ஒரு நம்பிக்கை.

ஒட்டு மாங்கன்னும் கன்னுதான், செவலை போட்டதும் கன்னுதான். அம்மை மருந்தும் கன்னுக்குட்டியிலதான் வெளைஞ்சுச்சு. கன்னு வவுத்துல முடியச் செரைச்சு, கீறி, மருந்தைத் தடவி, அதுல பொங்கினதைச் சொரண்டி எடுப்பாங்க. மெட்ராசுல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்குதே, 1899-ல அதைத் தொடங்கினது இந்த அம்மைப்பால் எடுக்கத்தான்.

அதுக்கு முந்தி? 1802-ல பாக்தாத், பாஸ்ரா வழியா பம்பாய்க்கு வந்துச்சு மருந்து. எப்படி வந்துச்சு? ஐஸ்பெட்டியிலயா? கை மாத்திக் கை மாத்தித்தான். ஒரு ஆளுக்குக் குத்தி, அவன் கையில பொங்கினதை எடுத்து அடுத்தவனுக்கு. பம்பாயில மொதல்ல புடிச்சது மூணு வயசுப் பொண்ணு கையில. அங்கிருந்து மெட்ராசுக்கு. அங்க எல்லிஸ் தொரை. ஆமா, திருக்குறளுக்கு உரை எழுதின அதே எல்லீசன். நம்ம சனங்க மாரியாத்தாளுக்கு ஆகாதுன்னு கையை நீட்ட மாட்டாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு, அவரே தமிழ்ல ஒரு கதை கட்டி எழுதினாரு. சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கற மாதிரி. பசு குடுக்கற அம்மையும் ஆத்தா சித்தந்தான்னு சொல்ல. வெள்ளைக்காரன் அவன் ஊருல லத்தீனைப் பூசினான், நம்மூருல மஞ்சளைப் பூசினான். மருந்து ஒண்ணுதான்.

இதைப் பாரு. சட்டையத் தூக்கிக் காட்டறேன். இடது கையில ரெண்டு வட்டம், பத்துப்பைசா கணக்கா. அம்மை குத்தறவரு வர்றாருன்னா நாங்க சோளக்காட்டுக்குள்ள ஓடிருவோம். என்னைய மட்டும் எங்கம்மா குதிருக்குப் பின்னால இருந்து இழுத்துட்டு வந்தா. திருகாணி மாதிரி ஒரு சாமான், முனையில பல்லுப் பல்லா இருக்கும். கையில வெச்சு ஒரு திருகு. கத்தினேன். எங்கம்மா அழுகல. அவ தங்கச்சிக்கு, எனக்குச் சின்னம்மாளுக்கு, அம்மை எறங்கறப்போ ரெண்டு கண்ணும் போயிருச்சு. வேப்பிலையும் வெச்சோம், மாரியாத்தா கோயிலுக்குத் தண்ணியும் ஊத்தினோம். அவ இருந்த வரைக்கும் திண்ணையில, இப்ப நீ உக்காந்திருக்கற எடத்துலதான், செவுத்தைத் தடவிட்டு உக்காந்திருப்பா. ஆரு வந்தாலும் மூஞ்சியத் தடவித்தான் பேசுவா. என்ற மூஞ்சி வழுவழுன்னு இருக்குதான்னு ஒவ்வொருக்காவும் பாப்பா.

வந்தா பத்துப் பேருல மூணு பேரைக் கொண்டுபோற நோயி கண்ணு அது. 1975-ல இந்தியாவுல முடிஞ்சுச்சு. 1980-ல ஒலகத்துலயே இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க. அதனால உன்ற பையனுக்கு நீ ஊசி போட்டது நெம்பச் சரி. ஒண்ணுகூட உட்டுறாத. அட்டையில இருக்கற தேதிக்குப் போட்டுறோணும். நான் சிரிக்கறது ஊசியப் பாத்து இல்ல.

பேத்தி இன்னும் நெறயச் சொன்னா. மசிலு மசிலுன்னு ஜிம்முக்குப் போறயே, மசிலுன்னா லத்தீன்ல சின்ன எலி. தோலுக்கடியில எலி ஓடற மாதிரி இருக்குதாம். நம்ம ஆளு காலைப் பாத்தான், கெண்டை மீனு துள்ளற மாதிரி இருந்துச்சு, கெண்டைக்கால்னான். அவனுக்கு எலி, நமக்கு மீனு. முட்டியில இருக்கற எலும்பு அவனுக்குச் சின்னத் தட்டு. நமக்கு ஒடைஞ்ச பானைச் சில்லு. புழுவுக்கு லார்வான்னு பேரு வெச்சானே, அதுக்கு அர்த்தம் பேயி. மாசம் 2,000 ரூவா கட்டி எலி வளக்கறேன்னு ஊருல சொல்லிப் பாரு, பொண்ணே குடுத்திருக்க மாட்டாங்க.

அந்தா, மோட்டார் சைக்கிள் சத்தம் கேக்குதா? மாட்டாஸ்பத்திரிக்காரரு வாராரு. செவலைக்கு இன்னிக்குக் கோமாரி ஊசி. மாட்டுக்கே மாட்டைப் போடப் போறாரு. மூக்கணாங்கயித்தைப் புடிக்க ஒரு ஆளு வேணும். எந்திரி. செருப்பை இங்கயே உடு.

சித்த இரு. ஊசி போட்டதும் அது கிட்ட சும்மா போயிறாத. நீ டவுனைத் தொட்டுட்டு வந்தவன். அந்த நீலப் புட்டி எங்க? எடுத்துட்டு வா, கைக்கு ரெண்டு சொட்டு ஊத்தறேன்.